அண்ணனின் கல்லீரலில் ஒன்றுமில்லை

1. பிப்ரவரியில் அண்ணன் டெல்லி துவாரகா மெட்ரோ படிக்கட்டில் விழுந்தான். மார்ச்சில் இரண்டு முறை.
2. அவன் ஆபீஸில் எடுத்த ரத்தப் பரிசோதனையில், கல்லீரலுக்காகப் பார்க்கும் எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடி இரண்டும் எகிறியிருந்தன.
3. ரிப்போர்ட்டை எனக்கு அனுப்பினான். நான் லேப் டெக்னீஷியன். எங்கள் வீட்டில் எந்த ரிப்போர்ட்டும் டாக்டருக்கு முன்னால் என்னிடம்தான் வரும்.
4. குடும்ப வாட்ஸப் குழுவில் எழுதினேன்: "லிவர். குடியை நிறுத்தச் சொல்லுங்கள்."
5. மதினி குழந்தையைத் தூக்கிக்கொண்டு பாளையங்கோட்டைக்கு ரயிலேறினாள்.

நான்குக்கும் ஐந்துக்கும் நடுவில் ஒன்று இருக்கிறது. அதற்கு எண் போடவில்லை.

ஜனக்புரியில் அப்பா வீட்டுக்குச் சித்தப்பா வந்திருந்த ஞாயிற்றுக்கிழமை. எல்லோரும் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டோம். அண்ணனால் எழுந்திருக்க முடியவில்லை.

"ஏல, காலையிலேயே ஊத்தியாச்சா?" என்றார் அப்பா.

"இல்லப்பா. தொடையில பலமே இல்ல."

"பலமெல்லாம் பாட்டில்ல போயிட்டு. கையை ஊனாம எந்தி, பாப்போம்."

சித்தப்பா கைதட்டினார். "ஜல்தி, ஹீரோ, ஜல்தி!"

அண்ணன் கவிழ்ந்து நாலு காலில் நின்றான். முழங்காலைப் பிடித்து, பிறகு தொடையைப் பிடித்து, தன் உடம்பின் மேலேயே ஏறுவதுபோல் எழுந்தான். எல்லோரும் சிரித்தோம். நான் செல்போனில் வீடியோ எடுத்தேன். மதினி அன்று வரவில்லை. "பாருங்க உங்க வீட்டுக்காரர் லட்சணத்தை" என்று எழுதி அவளுக்கு அனுப்பினேன். மூன்றாம் நாள் அவள் கிளம்பிவிட்டாள்.

ஆறு மாதம் அவன் கல்லீரலுக்கு மாத்திரை சாப்பிட்டான். அதற்குள் தலை சீவக்கூடக் கை உயரவில்லை. அக்டோபரில் ஒரு நரம்பியல் டாக்டரிடம் தானே போனான். மதினி அவனுக்கு அனுப்பியிருந்த அந்த வீடியோவை அவரிடம் காட்டினான். "குடிகாரன் தள்ளாடுவான். இப்படி எழுந்திருக்க மாட்டான்" என்று இந்தியில் சொன்னாராம். சிபிகே எழுதிக் கொடுத்தார். தசை சேதமானால் ரத்தத்தில் கசியும் என்சைம் அது. எஸ்ஜிஓடியும் எஸ்ஜிபிடியும் தசையிலும் உண்டு. நான் முதலாம் ஆண்டில் படித்த பாடம்.

ரத்தம் எங்கள் லேபுக்குத்தான் வந்தது. மெஷின் எண் தரவில்லை. அளக்கக்கூடிய எல்லைக்கு மேல் என்றது. பத்து மடங்கு நீர்க்கச் செய்து மறுபடி ஓட்டினேன். பல ஆயிரம். பழைய ரிப்போர்ட்டை எடுத்துப் பார்த்தேன். குடித்துக் கெட்ட கல்லீரல் என்றால் பெரும்பாலும் ஜிஜிடி என்ற என்சைமும் ஏறியிருக்கும். அது நார்மலாக இருந்தது. ஆறாவது வரி. அந்த வரி வரை நான் அன்று போகவே இல்லை.

நானே போன் செய்தேன்.

"அண்ணே, லிவர் இல்ல. தசைதான்."

"அப்பாட்ட சொல்லிட்டியா?"

"சொன்னேன்."

"என்ன சொன்னாவ?"

"குடிச்சாலும் தசை கெடுமாம்லா, அப்படின்னாவ."

அண்ணன் சிரித்தான். "அதுக்கும் ஒரு டெஸ்ட் இருந்தா எடுத்துருளா" என்றான். போனை வைத்துவிட்டான்.

தசையில் துண்டெடுத்துப் பார்த்ததில் அழற்சி என்று உறுதியானது. ஸ்டீராய்டு போகிறது. சிபிகே இறங்கிவிட்டது. கரைந்த தொடைச் சதை இனி முழுதாகத் திரும்பாது, ஆறு மாதம் முன்னால் வந்திருக்க வேண்டும் என்றார் டாக்டர். மதினி ஊருக்குப் போய்ப் போட்ட விவாகரத்து மனுவைத் திரும்பப் பெறவில்லை. அண்ணன் தரைத்தள வீடு ஒன்றில் தனியாக இருக்கிறான். கைத்தடி பிடித்து நடக்கிறான்.