ஒலிவ் டின்னோடு போகிற மனிதர்

இதை எழுதத் துணிந்ததற்கு முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நான் ஊரில் ஓ.எல். வரை மட்டும் படித்தவள். நாலு பேர் இருக்கிற இடத்தில் கதிரை காலியாகக் கிடந்தாலும், இருக்கலாமோ கூடாதோ என்று யோசித்துக்கொண்டு நிற்பவள். உதைபந்தாட்டத்தைப் பற்றி எழுத எனக்கு எந்தத் தகுதியும் இல்லை. ஓப்சைட் என்றால் என்னவென்று இன்றைக்கும் விளங்காது. ஆனால் துருக்கியில் ஒரு சிறிய துறைமுக ஊரின் கழகத்தைப் பற்றி, அந்த ஊரை ஒரு நாளும் பார்க்காமலே, எனக்கு நிறையத் தெரியும். ஒருவர் மேல் பொறாமை வந்துவிட்டால் அவரைப் பற்றி எல்லாவற்றையும் கேட்டுத் தெரிந்து வைத்துக்கொள்கிறோம் அல்லவா? அப்படித் தெரிந்துகொண்டதுதான்.

என் கணவர் துருக்கிக்காரர் ஒருவரின் மொத்த வியாபாரக் கடையில் வான் ஓட்டுகிறார். நாங்கள் இருப்பது கோலியர்ஸ் வுட்டில். அவர் சாமான் இறக்குவது பெரும்பாலும் வடக்கு லண்டனில். ஆறு வருடங்களுக்கு முன் ஒரு சனிக்கிழமை, ஒரு கடைக்கு மேலே இருக்கிற அறைக்குப் பெரிய ஒலிவ் டின் ஒன்றைக் கொண்டுபோனார். அந்தத் துறைமுக ஊர்க்காரர்கள் கூடியிருந்து தங்கள் கழகத்தின் ஆட்டத்தைத் தொலைக்காட்சியில் பார்க்கிற அறை அது. கை இரண்டும் டின்னில் இருந்ததால் தோளால் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போயிருக்கிறார். அந்த நொடியில் அவர்களுடைய ஆள் கோல் அடித்துவிட்டான். அறையைப் பார்த்துக்கொள்கிற கிழவர் ஓடிவந்து, டின்னோடு சேர்த்து இவரைக் கட்டிப்பிடித்து இரண்டு கன்னத்திலும் கொஞ்சினாராம்.

அடுத்த சனிக்கிழமையும் வரச் சொன்னார்கள். போனார். அன்றைக்கும் வெற்றி. அதற்குப் பிறகு விடவில்லை. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் அவர் அதே டின்னோடு, வெறும் டின்தான், தோளால் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போகவேண்டும். அவர்தான் அவர்களுடைய ராசி.

வீட்டில் என் கணவர் பேசுவது குறைவு. "சாப்பாடு போடுறீரோ", "பில் வந்திட்டுதோ", "மழை போலை கிடக்கு." இவ்வளவுதான் ஒரு நாளைக்கு. ஆனால் ஞாயிற்றுக்கிழமை லீட்ஸில் வேலை செய்கிற மகள் போன் எடுத்தால், அந்தக் கழகத்தின் கதையை மணித்தியாலக் கணக்கில் சொல்லுவார். நான் குசினியில் வெங்காயம் வெட்டிக்கொண்டே கேட்பேன். எனக்கென்று அவர் சொன்னதில்லை.

அந்த ஊரில் முன்பு இரண்டு கழகங்கள் இருந்தன. மீன்பிடிக்கிறவர்களுடையது ஒன்று, நீலச் சட்டை. புகையிலைத் தொழிற்சாலைக்காரர்களுடையது மற்றது, தவிட்டு நிறச் சட்டை. இரண்டு பக்கமும் ஒருவர் வீட்டில் மற்றவர் பெண் எடுப்பதில்லை. நாட்டின் லீக்கில் விளையாடவேண்டுமென்றால் ஊருக்கு ஒரு கழகம்தான் வரலாம் என்று மேலிடத்தில் சொல்லிவிட்டார்கள். ஒரு கல்யாண மண்டபத்தில் மூன்று நாள் சண்டை. கடைசியில் உடம்புக்குத் தவிட்டு நிறம், கைகளுக்கு நீலம், சின்னத்தில் நங்கூரமும் அதைச் சுற்றி ஒரு புகையிலையும் என்று முடிந்தது. முதல் சட்டைகளுக்குத் தொழிற்சாலைப் பெண்கள் வால்நட் தோலை அவித்துச் சாயம் போட்டார்களாம். முதல் ஆட்டத்தில் மழை. சாயம் கரைந்து, விளையாடினவர்கள் தவிட்டு நிற வயிற்றோடு வீட்டுக்குப் போனார்கள். இதைச் சொல்லும்போது என் கணவர் சிரிப்பார். அந்தச் சிரிப்பைக் கேட்டால் எனக்குக் கத்தி நழுவும்.

பிறகு ஒரே ஒரு வருடம் முதல் பிரிவுக்கு ஏறினார்கள். இஸ்தான்புல்லின் பெரிய கழகம் ஒன்றை ஊர் மைதானத்தில் வென்றார்கள். அன்று நேரில் பார்த்ததாகச் சொல்கிறவர்கள் எல்லாரையும் சேர்த்தால் அந்த மைதானம் போல பத்து மைதானம் வேண்டும். அதற்குப் பிறகு இறக்கம்தான். புகையிலைத் தொழிற்சாலையை மூடிவிட்டார்கள். கடலில் மீனும் குறைந்தது. தவிட்டு நிறம் இப்போது இருப்பது சட்டையில் மட்டும். ஆனாலும் லண்டன் அறையில் மீன்பிடிக் குடும்பத்து ஆட்கள் இடப்பக்கமும் புகையிலைக் குடும்பத்து ஆட்கள் வலப்பக்கமும்தான் இன்றைக்கும் இருக்கிறார்கள். என் கணவர் எந்தப் பக்கமும் இல்லாதவர் என்பதால் அவருக்கு நடுவில் ஒரு தனிக் கதிரை.

நடுவில் ஒரு தனிக் கதிரை. அதை நினைத்து எத்தனையோ சனிக்கிழமை நான் சாப்பிடாமல் இருந்திருக்கிறேன்.

"அம்மா, ஆர் யூ சீரியஸ்?" என்றாள் மகள். "ஒரு ஃபுட்போல் டீமிலை ஜெலஸா?"

"ஜெலஸ் இல்லை. சும்மா கேக்கிறன்."

"அப்பாக்கு வேறை ஒரு லேடி இருந்தா என்ன செய்வீங்கள்?"

"அது பரவாயில்லை பிள்ளை. ஒருத்தி எண்டால் சண்டை பிடிக்கலாம். இது பதினொரு பேர். மாத்துறதுக்கும் ஆள் வைச்சிருக்கினம்."

அவள் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை.

ராசி என்ற சொல்தான் என்னைக் குத்தியது. நான் கல்யாணம் முடித்து லண்டன் வந்த மாதம் இவருக்கு வேலை போனது. இவருடைய அம்மா, என் மாமி, ஊரிலிருந்து போனில், "எல்லாம் கால் வைச்சவளின்ரை ராசி" என்றார். போன் ஸ்பீக்கரில் இருந்தது. இவர் பக்கத்தில் இருந்தார். மறுத்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. அது நடந்து இருபத்துநாலு வருடங்கள். அதே மனிதர் இப்போது ஒரு ஊருக்கே ராசி.

ஒருமுறை, ஆட்டம் இல்லாத மாதத்தில், மாடிப்படிக்குக் கீழே இருந்த அந்த டின்னை எடுத்து அடியில் ஓட்டை போட்டுக் கறிவேப்பிலைக் கன்றை நட்டேன். வேறு சட்டி இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சட்டி இருந்தது. அவர் கண்டார். அடுத்த நாள் கன்று ஒரு மண்சட்டியில் இருந்தது, ஒரு இலை உதிராமல். டின் கழுவித் துடைத்து, ஓட்டைக்கு உள்ளே டேப் ஒட்டி, பழைய இடத்தில் இருந்தது. அவர் திட்டியிருந்தால் நல்லாயிருந்திருக்கும்.

இந்த வருடம் எனக்குப் பிரித்தானியக் குடியுரிமை கிடைத்தது. அவருக்கும் மகளுக்கும் எப்போதோ கிடைத்துவிட்டது. நான் சோதனைக்குப் பயந்து தள்ளிப்போட்டு, இரண்டு தரம் தவறி, மூன்றாம் தரம் பாஸ் பண்ணினேன். இந்த நாட்டில் நான் தனியாகச் செய்த ஒரே காரியம் அது. கவுன்சில் மண்டபத்தில் உறுதிமொழி எடுக்கிற நாள், சனிக்கிழமை பன்னிரண்டு மணி என்று கடிதம் வந்தது.

"இஞ்சாருங்கோ, ஒரு ஆளைக் கூட்டிக்கொண்டு போகலாமாம்."

"ஓம், வாறன்."

"மட்ச் இல்லையோ?"

"ஒரு மணிக்கு. கடைசி மட்ச். தோத்தால் கீழ்ப் பிரிவுக்குப் போயிடும்."

"அப்ப நீங்கள் அங்கை போங்கோ."

"வாறன் எண்டு சொல்லிப்போட்டன்தானே."

வந்தார். கோட் போட்டு, தலை வாரி, டின்னை ஒரு பெரிய கடைப் பைக்குள் வைத்து எடுத்துக்கொண்டு வந்தார். வாசலில் நின்ற கவுன்சில் பெண் பைக்குள் எட்டிப் பார்த்தாள். "ஒலிவ்ஸ். எம்ப்டி" என்றார் இவர். அவள் என்னைப் பார்த்தாள். நான் சேலைத் தலைப்பைப் பார்த்தேன்.

உறுதிமொழி சொல்லும்போது மன்னரின் படத்தை நான் பார்க்கவில்லை. இவர் போனைப் பார்க்கிறாரா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தார். ஆனால் கதிரைக்குக் கீழே அவருடைய சப்பாத்து அந்தப் பையைத் தட்டிக்கொண்டே இருந்தது. படம் எடுத்தார். படத்தில் என் கண் மூடியிருக்கிறது.

வெளியே வந்ததும், "நீர் வீட்டை போறீரோ, என்னோடை வாறீரோ?" என்றார். ஆறு வருடத்தில் முதல் தரம் கேட்டார். சான்றிதழையும் கையில் வைத்துக்கொண்டு அவரோடு ரெயிலில் ஏறினேன். ஒரு மணித்தியாலப் பயணம். ஸ்டேஷனை விட்டு வெளியே வந்தபோது போனைப் பார்த்துவிட்டு, "ரண்டுக்குச் சைபர்" என்றார். எங்களுடையது சைபர்.

கடைக்குப் பக்கத்துப் படிக்கட்டின் அடியில் நின்றார். டின்னைப் பையிலிருந்து எடுத்து என்னிடம் நீட்டினார்.

"நீர் கொண்டு போம்."

"எனக்கேன்?"

"நான் நேரத்துக்கு வரேல்லை. என்ரை ராசி போயிட்டுது."

"எனக்கு ஏலாதப்பா. என்ரை ராசி உங்களுக்குத் தெரியும்தானே."

அவர் என்னைப் பார்த்தார். "அதென்ன கதை?"

நடிக்கவில்லை. உண்மையாகவே அவருக்கு ஞாபகம் இல்லை. நான் இருபத்துநாலு வருடம் சுமந்ததை அவர் அன்றைக்கே இறக்கி வைத்துவிட்டிருக்கிறார். நான் சான்றிதழை அவரிடம் கொடுத்துவிட்டு டின்னை வாங்கினேன்.

தோளால் கதவைத் தள்ளினேன். அறை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. திரையில் பந்து வெளியே போயிருந்தது. ஒன்றும் நடக்கவில்லை. எனக்குப் பட்டுச்சேலைக்குள் வியர்த்தது. கிழவர் எழுந்து வந்து, என் கையிலிருந்த டின்னைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, நடுக் கதிரைக்குப் பக்கத்தில் இன்னொரு கதிரை போட்டார். இருக்கலாமோ என்று நான் யோசிக்க முன்னமே இருத்திவிட்டார்.

பத்து நிமிடத்தில் எங்களுடைய ஆள் ஒரு கோல் அடித்தான். இடப்பக்கமும் வலப்பக்கமும் ஒன்றாகக் கத்தின. நானும் எழும்பிவிட்டேன், வெட்கமாக இருந்தது. பிறகு எதிர் அணி மூன்றாவதைப் போட்டது. அறை அடங்கிப்போனது.

வலப்பக்கத்தில் இருந்த ஒரு தடித்த மனிதர், யாரையும் பார்க்காமல் ஆங்கிலத்தில் சொன்னார்: "நேரம் பிந்தி வந்தார். டின்னை ஒரு பெண்ணிடம் கொடுத்தார். வேறு என்ன நடக்கும்?"

பாதி பகிடிதான். எனக்கு மாமியின் குரல் கேட்டது.

என் கணவர் எழுந்தார். பஸ்ஸில் யாராவது தன் காலை மிதித்தாலும் தானே மன்னிப்புக் கேட்கிறவர் அவர். "என் மனைவியைச் சொல்லவேண்டாம்," என்றார், அவருடைய உடைந்த ஆங்கிலத்தில். "பிந்தியது நான். அவள் வந்த பிறகுதான் ஒரு கோலாவது விழுந்தது. அவள் நல்ல ராசி. வீட்டிலும் அப்படித்தான்."

அந்த மனிதர் நெஞ்சில் கை வைத்து என்னிடம் மன்னிப்புக் கேட்டு, தானே போய் எனக்குத் தேத்தண்ணி கொண்டுவந்தார். இடப்பக்கத்தில் யாரோ அவரைப் பார்த்து ஏதோ சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள்.

நான் சந்தோசப்பட்டிருக்கவேண்டும். பட்டேன்தான். ஆனால் முதலில் வந்தது அது இல்லை. இந்த வசனத்தை இவர் இந்த அறையில்தான் சொல்லவேண்டியிருந்ததா? இந்த மனிதர்களுக்கு முன்னால், இந்த மொழியில்? கேட்கவேண்டிய மாமி செத்து ஒன்பது வருடம். எனக்கு உரிய ஒன்றை அந்தக் கழகம் வாங்கித் தந்தது போல இருந்தது. அதை வாங்கவும் மனமில்லை, விடவும் மனமில்லை.

ஆட்டம் முடிந்தது. கீழ்ப் பிரிவு. கிழவர் தொலைக்காட்சியை நிற்பாட்டினார். என் கணவர் குனிந்திருந்து அழுதார். அவருடைய தாய் செத்த செய்தி வந்தபோதும் அவர் அழுது நான் பார்க்கவில்லை. ஒரு பக்கத்து ஆள் ஒரு தோளிலும் மற்றப் பக்கத்து ஆள் மற்றத் தோளிலும் கை வைத்தார்கள். என் கை வைக்க இடமிருக்கவில்லை. நான் டின்னை மடியில் வைத்துக்கொண்டிருந்தேன்.

போகும்போது கிழவர் படி வரைக்கும் வந்தார். "அடுத்த வருடமும் இரண்டு பேரும் வாருங்கள்," என்றார். "கீழே இருக்கும்போதுதான் ராசி தேவை."

ரெயிலில் அவர் டின்னைக் கேட்டார். "நான் வைச்சிருக்கிறன்" என்றேன். கோலியர்ஸ் வுட் வரும் வரைக்கும் கொடுக்கவில்லை. அவர் என் சான்றிதழை மடிக்காமல் நெஞ்சோடு பிடித்துக்கொண்டு வந்தார்.

அடுத்த நாள் ஞாயிற்றுக்கிழமை. கறிவேப்பிலைக்குத் தண்ணீர் ஊற்றினேன். அவர் வானைக் கழுவினார். பின்னேரம் மகள் போன் எடுத்தாள். ஆட்டத்தைப் பற்றி நான்தான் சொன்னேன்.