காரணம்: தல ஆய்வு

அரசாங்க ஜீப் ஓட்டுவது சுலபம். ஓட்டிய ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் காரணம் எழுதுவதுதான் உத்தியோகம். லாக் புத்தகத்தில் புறப்பட்ட இடம், சேர்ந்த இடம், தூரம் என்று கட்டங்கள் இருக்கும். கடைசிக் கட்டம் ‘காரணம்’. அரசாங்க வண்டி ஓட்டிய சக பாவிகளுக்கு இதை விளக்க வேண்டாம். மற்றவர்கள் கேட்டுக்கொள்ளுங்கள். எழுபதுகளின் கடைசியில் காரைக்காலில் ஒரு பெரிய ஆபீசுக்கு முதல் தடவையாக ஒரு பெண் அதிகாரி வந்தார். நான் அவருக்கு டிரைவர். அந்தக் கடைசிக் கட்டத்தால் என் வேலை போகப் பார்த்தது.

முதல் நாள், முதல் கேள்வி

பிரெஞ்சுக்காரன் கட்டிய கட்டடம். யானை நுழையும் வாசல். ஆள் உயர ஜன்னல்கள். அம்மா வந்த அன்று மாலை மரியாதையெல்லாம் முடிந்ததும் மேனேஜரைக் கூப்பிட்டு, பெண்களுக்குக் கழிப்பறை எங்கே என்று கேட்டார். மேனேஜர் பிரெஞ்சுக் காலத்தில் சேர்ந்தவர். அதிகாரிகளை ‘முசியே’ என்றே கூப்பிட்டுப் பழகியவர். அம்மாவுக்காக அன்று காலையில்தான் ‘மதாம்’ என்று மாற்றியிருந்தார். ஆண்களுக்குப் பின்பக்கம் ஒன்று இருந்தது. அதற்குக் கதவு கிடையாது. யாரும் கேட்டதும் கிடையாது.

“இதுவரைக்கும் பொம்பளைங்களுக்குன்னு யாரும் கேட்டதில்லீங்க மதாம்” என்றார். டைப்பிஸ்ட் சரோஜா பதினோரு வருஷமாக அங்கேதான் வேலை பார்த்தார். தினம் மத்தியானம் அடுத்த தெருவில் ஒரு ஜவுளிக்கடைக்காரர் வீட்டுக்குப் போய்விட்டு ஓட்டமாகத் திரும்புவார். “இவங்க தினம் எங்க போறாங்கன்னு நெனச்சீங்க?” என்று அம்மா கேட்டார். மேனேஜர் சரோஜாவை அன்றுதான் பார்ப்பதுபோல் பார்த்தார்.

“பூ வாங்கப் போவுதுன்னுல்ல நெனச்சேன்!”

கோவில்பத்தில் என்ன இருக்கிறது?

அம்மாவின் குவார்ட்டர்ஸ் கோவில்பத்தில். காலை பதினொன்றுக்கு ஒரு தடவை, மூன்றுக்கு ஒரு தடவை வண்டியை எடுக்கச் சொல்வார். போவோம். ஐந்து நிமிஷத்தில் திரும்புவோம். ஏன் என்று நான் கேட்கவில்லை. எனக்கும் பெண்டாட்டி உண்டு, விஷயம் தெரியும். ஆனால் ‘காரணம்’ கட்டத்துக்குத் தெரியாதே. நாலு நாள் காலியாக விட்டேன். ஐந்தாம் நாள் ‘தல ஆய்வு’ என்று எழுதினேன். பார்க்க நன்றாக இருந்தது. அதையே எழுதிக்கொண்டு போனேன்.

மாதக் கடைசியில் மேனேஜர் புத்தகத்தைப் புரட்டினார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி புரட்டினார்.

“ஏம்ப்பா, தெனம் ரெண்டு தடவ ஆய்வு பண்ண கோவில்பத்துல என்ன இருக்கு? நானே அங்கதான்யா குடியிருக்கேன்!”

ஒரு ஃபைலின் பயணம்

அம்மா ஒரு ஃபைல் போட்டார். பெண்களுக்குக் கழிப்பறை ஒன்று கட்ட வேண்டும். மேலிடத்திலிருந்து கேள்வி வந்தது: பெண் ஊழியர் எத்தனை பேர்? இரண்டு என்று பதில் போனது. இரண்டு பேருக்கு ஒரு கட்டடம் அதிகம் என்று திரும்பியது. மனு கொடுக்க வரும் பெண்கள் நாள் முழுக்கக் காத்துக் கிடக்கிறார்கள் என்று எழுதினார். மனுதாரர் ஊழியர் ஆகமாட்டார் என்று திரும்பியது. என் ஜீப் அந்த வருஷம் ஓடியதைவிட அந்த ஃபைல் அதிகம் ஓடியது.

கடைசியாக ஒன்று கண்டுபிடித்தார்கள். கட்டப்போவதை அம்மாவும் உபயோகிப்பார். ஆகவே அவரே சிபாரிசு செய்யக் கூடாது. அடுத்த நிலை அதிகாரி கையெழுத்துப் போட வேண்டும். அடுத்த நிலை யார்? நம் மேனேஜர். பேனாவை எடுத்தார், மூடியைத் திறந்தார், மூடினார்.

“பொம்பளைங்க சமாசாரத்துல நான் எப்படிங்க மதாம் கையெழுத்துப் போடறது? வீட்டுல கேட்டா என்ன சொல்லுவேன்?”

விழிதியூர் மோர்

இதற்குள் ஊரில் பேச்சு கிளம்பிவிட்டது. அதிகாரி அம்மாவுக்கு ஆபீசில் உட்கார முடியவில்லை, வீட்டு நினைப்பு என்று. அது அவர் காதுக்கும் போனது. பதினோரு மணிப் பயணம் நின்றது. மூன்று மணிப் பயணமும் நின்றது. காலையில் நான் வண்டியில் வைக்கும் தண்ணீர் ஃபிளாஸ்க் மாலையில் அதே கனத்தோடு திரும்பியது. நான் சொல்லிப் பார்த்தேன். “வண்டியப் பாருங்க டிரைவர்” என்றார். பார்த்தேன்.

சித்திரை வெயிலில் விழிதியூர் மதகைப் பார்க்கப் போனோம். வரப்பில் நடந்து வந்தவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். நாற்றுக் கட்டு சுமப்பதுபோல் இரண்டு பெண்கள் தூக்கி வந்து நிழலில் போட்டார்கள். ஒரு அம்மாள் செம்பு நிறைய மோர் கொண்டுவந்தாள். அம்மா உதட்டை நனைத்துவிட்டு வைத்துவிட்டார். ஆபீசுக்குத் திரும்பணும், வேண்டாம் என்றார். அந்த அம்மாளுக்குப் புரிந்துவிட்டது. எங்கள் மேலிடத்துக்கு ஒரு வருஷமாகப் புரியாதது.

“ஏம்மா, எங்களுக்காச்சும் கருவக்காடு இருக்கு. ஆபீசரு ஒங்களுக்கு அதுகூடவா இல்ல?”

ஆடிட்

டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: தண்ணீர் குடிக்காவிட்டால் சிறுநீரகம் போய்விடும். கோவில்பத்துப் பயணம் மறுபடி தொடங்கியது. பின்னாலேயே ஆடிட்காரர் வந்தார். எந்த ஆபீஸ் என்று கேட்காதீர்கள். லாக் புத்தகத்தைப் பார்த்ததும் பலாச்சுளையைப் பார்த்த ஈ மாதிரி உட்கார்ந்தார். வண்டியைச் சொந்தக் காரியத்துக்கு ஓட்டிவிட்டுப் பொய்க் காரணம் எழுதியதற்கு என் மேல் ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது என்று மெமோ. நான் தற்காலிக டிரைவர். வேலை நிரந்தரமாகும் நேரம். அம்மாவிடம் காட்டினேன். “உண்மைய எழுதியிருக்கலாமே?” என்றார். “என் கையால எழுத வரலீங்கம்மா” என்றேன்.

புத்தகத்தை வாங்கினார். கடைசி வரிக்குக் கீழே அவரே எழுதினார்: ‘மேலே தல ஆய்வு என்று கண்ட கோவில்பத்துப் பயணங்கள் யாவும், இந்த அலுவலகத்தில் பெண்களுக்குக் கழிப்பறை இல்லாததால் நான் வீட்டுக்குப் போய்வந்தவை. டிரைவர் மேல் குற்றமில்லை.’ முழுக் கையெழுத்து, முத்திரை. ஆடிட்காரர் படித்தார். காது சிவந்துவிட்டது.

“இத நான் ரிப்போர்ட்டுல எடுத்து எழுதினா மேல உள்ளவங்க எல்லாரும் படிப்பாங்களே மேடம்!”

படித்தார்கள். மூன்றே வாரத்தில் உத்தரவு வந்தது. அரசாங்கப் பெட்ரோல் வீணாவதைத் தடுக்க உடனடியாகக் கழிப்பறை கட்டவும். அந்த உத்தரவில் ‘பெட்ரோல்’ மூன்று இடத்தில் இருந்தது. ‘பெண்கள்’ ஒரு இடத்திலும் இல்லை.

சாவி

கட்டி முடித்தார்கள். கதவு, தாழ்ப்பாள், தண்ணீர்த் தொட்டி, எல்லாம் உண்டு. முதல் திங்கட்கிழமை சுரக்குடியிலிருந்து மனுவோடு வந்த பெண்கள் அங்கேதான் முதலில் வரிசை நின்றார்கள். அம்மாவுக்கு அதை அனுபவிக்கக் கிடைத்தது ஒன்பது நாள். பத்தாம் நாள் மாற்றல் உத்தரவு. எனக்கு வேலை நிரந்தரமான உத்தரவும் அதே தபாலில் வந்தது. அம்மா பொறுப்பு ஒப்படைக்கும் பட்டியலில் நாற்காலி, மேஜை, இரும்புப் பீரோவுக்கு அடுத்து ஒரு வரி சேர்த்தார்: ‘கழிப்பறைச் சாவி, பெண்களுக்கு மட்டும், டைப்பிஸ்ட் சரோஜா வசம்.’ புதிதாக வந்த ஐயா எல்லாப் பட்டியலையும் போல இதிலும் படிக்காமல் கையெழுத்துப் போட்டார்.

மறுநாள் பதினோரு மணிக்கு ஐயா பின்பக்கம் போனார். கதவில்லாததைப் பார்த்தார். கதவுள்ளதையும் பார்த்தார். மேனேஜரை விட்டுச் சாவி கேட்டார். சரோஜா சாவியை முந்தானையில் முடிந்துகொண்டு, டைப் அடிப்பதை நிறுத்தாமல், ஐயாவுக்கும் கேட்கும்படி சொன்னார்.

“ஐயா கையெழுத்துப் போட்டிருக்காங்களே சார், பெண்களுக்கு மட்டும்னு. அவசரம்னா ஐயா வீட்டுக்குப் போயிட்டு வரட்டும், ஜீப்புதான் இருக்குல்ல!”

கோவில்பத்துக்கு வண்டியை எடுத்தேன், திரும்பி வந்து பழையபடி ‘தல ஆய்வு’ என்று எழுதினேன், ஐயா இருந்த நாலு வருஷமும் அதற்குக் காரணம் கேட்டு ஒரு ஆடிட்காரரும் வரவில்லை.