இரண்டு தடவை ஓம்

அவள் வந்த முதல் நாளே எனக்கு அவளைப் பிடிக்கவில்லை. காரணம் தேடி நான் கஷ்டப்படவும் இல்லை. என்னைவிட வேகமாக வேலை செய்தாள், அவ்வளவுதான்.

சமாதானம் என்று பெயர் சொல்லிக்கொண்டு யுத்தம் ஓரமாகக் குந்தியிருந்த காலம் அது. திருகோணமலையில், துறைமுகத்தைப் பார்த்த ஒரு மாடியில் எங்கள் அலுவலகம். ஊர்ச் சனமும் வெளிநாடு போன சனமும் வந்து தேர்தல், தண்ணீர், ரோட்டு என்று கதைப்பதற்கு இணையத்தில் ஒரு கருத்துக்களம் நடத்தினோம். அந்தக் கதையால் ஆட்களின் மனம் மாறுகிறதா, எதிர்க்கருத்தைக் கேட்கப் பழகுகிறார்களா, யோசித்து வாக்குப் போடுகிறார்களா என்று அறிய ஒரு மென்பொருள் எழுத வேண்டும். ஒருவர் எழுதியதை மற்றவர் ஏற்றாரா, மறுத்தாரா என்று அது பிரித்துக் காட்ட வேண்டும்.

அதைத் தொடங்கியவள் நான். பாலையூற்றிலிருந்து தினமும் சைக்கிள் மிதித்து வந்து தொடங்கியவள். அவளோ சாம்பல்தீவில் பிறந்து, கைக்குழந்தையாக அகதிப் படகேறி, சென்னையில் படித்துவிட்டுத் திரும்பியவள். வந்ததும் என்னை அக்கா என்றாள். அந்த அக்காவும் எனக்கு எரிச்சலாக இருந்தது. என் நிரல் நின்றுபோனால் எங்கள் பொறுப்பாளர் சேர் முகத்தைச் சுளிப்பார். அவளுடையது நின்றால், "புதுசுதானே, பழகிடுவா" என்பார். நான் உடைத்தால் பொன்குடம், அவள் உடைத்தால் மண்குடம்.

ஒரே ஒரு சந்தோஷம் கிடைத்தது. 'ஆம்' என்பதற்கு நாங்கள் சொல்லும் 'ஓம்' என்ற சொல்லை எழுத்தில் கண்டதும் அவள் மந்திரம் என்று நினைத்துச் சமயச் சொற்களோடு சேர்த்துவிட்டாள். கருத்துக்களத்தில் 'ஆம்' சொன்னவர்களெல்லாம் பக்தர்களாகிவிட்டார்கள். வயிறு நோகச் சிரித்தேன். தேத்தண்ணிக் கடை வரை போய்ச் சொன்னேன். பிறகு நானே திருத்தினேன்: ஒரு ஓம் என்றால் சம்மதம், இரண்டு ஓம் சேர்ந்து வந்தால் பலத்த சம்மதம். அன்று மத்தியானம் சோறு ருசியாக இறங்கியது.

கொழும்பில் ஒரு கூட்டத்தில் இந்த மென்பொருளைக் காட்டச் சேரோடு ஒருவர் போகலாம் என்று செய்தி வந்தது. காட்டுகிறவருக்கு வெளிநாட்டில் படிக்கவும் வழி திறக்கலாம் என்று கதை. யுத்தம் திரும்பி வரும் போலிருந்த ஊரில் அதன் பெறுமதியை யாரும் விளக்கத் தேவையில்லை. எனக்கு அந்த இடம் வேண்டும். வேறெதையும் நான் அப்படி விரும்பியதில்லை.

அந்த நேரம் மென்பொருள் ஒரு விசித்திரம் காட்டியது. கருத்துக்களத்தில் ஆட்கள் கட்டிப்புரண்டு சண்டை போட்ட இடங்களில்தான் பலத்த சம்மதம் தெரிந்தது.

"நம்ம ஆளுங்க இவ்வளவு ஒத்துமையாக்கா?" என்றாள் அவள்.

"எங்கட சனம் அப்பிடித்தான்," என்றேன். உள்ளூர்க்காரி நான், அவளுக்கு என்ன தெரியும்!

பிறகு சேர் எங்கள் இருவரையும் கூப்பிட்டார். "கொழும்புக்கு இவ வரட்டும். உமக்குச் சம்மதம்தானே?" என்று என்னைக் கேட்டார்.

"ஓம் ஓம், போகட்டுமன்," என்றேன்.

அவள் சட்டென்று என்னைத் திரும்பிப் பார்த்தாள். வெளியே வந்ததும் என் கதிரைக்குப் பக்கத்தில் நின்று கேட்டாள். "அக்கா, இப்ப நீங்க சொன்னது சம்மதம் இல்லதானே?"

என் முகம் கொதித்தது. பதிலுக்கு அவள் காத்திருக்கவில்லை. கருத்துக்களத்தில் ஓம் இரண்டு தடவை வந்த இடங்களையெல்லாம் தேடி எடுத்தாள். 'ஓம் ஓம், நீங்கள் சொன்னால் சரி.' 'ஓம் ஓம், உங்களுக்குத்தான் எல்லாம் தெரியும்.' அப்படி எழுதியவர்களில் அநேகமானோர் அந்தக் கதைக்குள் பிறகு வரவே இல்லை. ஏற்றுக்கொண்டவர்கள் இல்லை அவர்கள். வாயை மூடிக்கொண்டு எழுந்து போனவர்கள். சோதனைச்சாவடியிலும் சொந்தக்காரர் வீட்டிலும் வாழ்நாளெல்லாம் நான் சொல்லிவந்த ஓம் ஓம் அது. எனக்குப் படவில்லை, அவளுக்குப் பட்டது.

சேர் திரையைக் கனநேரம் பார்த்தார். "இதுதான் பிள்ளை கண்டுபிடிப்பு," என்றார், அவளைப் பார்த்து. வாய் என்னுடையது, வயிற்றெரிச்சல் என்னுடையது, பெயர் அவளுக்கு.

மறுநாள் அவளே என்னிடம் வந்தாள். "அக்கா, இது உங்க வார்த்தை. நீங்களும் வாங்க. சார்கிட்ட கேட்டுட்டேன், ரெண்டு பேருமே போகலாம்."

நெஞ்சு துள்ளியது. ஆனால் எங்கள் பக்கத்தில் கேட்டவுடன் ஒன்றை வாங்குவது வழக்கமில்லை. தேத்தண்ணி தந்தாலும், "வேண்டாம், இப்பதான் குடிச்சனான்" என்போம். "சும்மா குடியுங்கோ" என்று திரும்பவும் கேட்பார்கள். பிறகுதான் கோப்பை கைக்கு வரும். அவளிடம் உடனே கை நீட்டுவதாவது!

"எனக்கு ஏலாது. வீட்டில வேலை கிடக்கு," என்றேன்.

"சரிக்கா," என்று தலையாட்டிவிட்டுப் போனாள். ஓம் ஓமை நம்பக்கூடாது என்று என்னிடம் படித்தவள், என் ஏலாதை அப்படியே நம்பிவிட்டாள்.

அவள் திரும்பக் கேட்பாள் என்று காத்திருந்தேன். தேவையில்லாமல் அவள் மேசையைச் சுற்றினேன். கொழும்புக்குப் போனாலும் போவேன் என்று வீட்டில் சொல்லி வைத்தேன். சேலையும் அழுத்தி வைத்தேன். அவள் எழுத்துருவைப் பற்றிக் கேட்டாள், என் அம்மாவின் காய்ச்சலைப் பற்றிக் கேட்டாள். அதை மட்டும் கேட்கவில்லை.

புறப்படுகிற காலையில் அவளுடைய பையை நான்தான் தூக்கி வான் வண்டிக்குள் வைத்தேன். அவள் ஏறி இருந்தாள். கண்ணாடியை இறக்கினாள். 'வாங்க' என்று ஒரு சொல் சொல்லியிருந்தால், உடுத்த உடுப்போடு ஏறியிருப்பேன்.

"வரேன்க்கா," என்றாள்.