எக்கோப் பெட்டியின் சிவப்புப் புள்ளிகள்

கூடத்தில் மகள் நகத்துக்குச் சிவப்பு நெயில் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தாள். அந்த நெடி மூக்கில் ஏறியதும் பேப்பரை மடித்துவிட்டு நான் வாசலுக்கு வந்துவிட்டேன். "பாம்பு வந்தாக்கூட அசைய மாட்டாக, இதுக்குப் போயி ஓடுறாக" என்று மனைவி சிரித்தாள். சிரிக்கட்டும். உங்களிடம் மட்டும் சொல்கிறேன், அந்த வாடை எனக்கு ஆகாது.

வாலிப வயசில் எனக்கு ராமநாதபுரத்தில் ரேடியோக் கடையில் வேலை. சாயங்காலமானால் மெல்லிசைக் குழுவில் கிட்டார். இரண்டாவது கிட்டார்தான், பந்தியில் அப்பளம் மாதிரி. முதல் கிட்டார் பெரியபட்டினத்து சிராஜ். நான் அவனுக்கு மாப்ளே, அவன் எனக்கு மச்சான். அவன் மாமா துபாயிலிருந்து மூன்று பெட்டிகள் கொண்டுவந்து கொடுத்திருந்தார். காலால் மிதித்தால் கிட்டாரின் குரல் மாறும். ஒன்று கரகரக்க வைக்கும். கோரஸ் ஒரு கிட்டாரை நாலாக்கும். எக்கோ, வாசித்ததையே திரும்பத் திரும்பச் சொல்லித் தேயும். மூன்றையும் ஒரு பலகையில் சைக்கிள் டியூப் வெட்டிக் கட்டியிருந்தோம். ஒரு பெட்டிக்குள் போன சத்தம்தான் அடுத்ததற்குப் போகும் என்பதால் எது முன்னால் என்பது முக்கியம்.

சிராஜ் எக்கோவை முதலில் வைத்திருந்தான், கரகரப்பைக் கடைசியில். எக்கோவின் குமிழ்களை எந்த இடத்தில் நிறுத்துவது என்று நெயில் பாலிஷால் புள்ளி வைத்திருந்தான். அதை வாங்க ஃபேன்ஸி ஸ்டோருக்கு நானும்தான் போனேன். "எந்தப் பொண்ணுக்கு?" என்று கடைக்காரர் கேட்க, இரண்டு பேரும் நெளிந்தோம்.

கச்சேரிக்கு முன்னால் ஒரே ஒரு தந்தியைத் தட்டிவிட்டு, அந்தச் சத்தம் முழுசாக அடங்கும்வரை நிற்பான். வெட்டியாகப் போகிற நிமிஷம் என்று நான் முணுமுணுப்பேன்.

எனக்குச் சுத்தம் ஒரு வியாதி. சுத்தம் சோறு போடும் என்பார்கள், எனக்கு வினையைத்தான் கொண்டுவந்தது. எக்கோ கடைசியில்தான் இருக்கணும் என்று மதுரைக் கடையில் ஒருவர் சொல்ல, சிராஜிடம் கேட்காமல் வரிசையை மாற்றினேன். கை சும்மா இருக்குமா? தின்னர் போட்டுப் பெட்டிகளைப் பளபளவென்று துடைத்தும் வைத்தேன்.

தேவிபட்டினத்தில் மேடை. சிராஜ் தட்டினான். சத்தம் கண்ணாடி மாதிரி வந்தது, ஜனம் கைதட்டியது. அவன் இன்னொரு தடவை தட்டிவிட்டு என்னைப் பார்த்தான். அன்று எல்லாப் பாட்டையும் நன்றாகத்தான் வாசித்தான். வயர்களைச் சுருட்டும்போது பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"நல்லாத்தான் இருக்கு மாப்ளே. ஆனா கடல்ல போட்டு போற சத்தம் இல்ல."

அவன் தம்பி எஞ்சின் படகில் கடலுக்குப் போய்த் திரும்பாதது குழுவில் எல்லோருக்கும் தெரியும். தம்பி போன அன்று கரையில் நின்று வழியனுப்பியவன் சிராஜ் என்பது அதுவரை எனக்குத் தெரியாது.

"கரகரன்னு கெளம்புச்சு. போகப் போக மெலிஞ்சு, கடேசில சுத்தமா ஒரு சத்தம் வந்துச்சு. அம்புட்டுத்தான். அதக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு வருசம் ஆச்சு."

"இந்தா, இப்பவே பழையபடி மாத்திருவோம் மச்சான்."

மாற்றினோம். வரிசை திரும்பி வந்துவிட்டது. குமிழ்களில் புள்ளிகள் இல்லை, என் தின்னரோடு போயிருந்தன. சிராஜ் குனிந்து திருகிப் பார்த்தான். "கிட்ட வருது... இல்ல, இது இல்ல." அதன்பிறகு ஒவ்வொரு ஒத்திகையிலும் திருகுவான். "உடு மாப்ளே" என்று அவன்தான் எனக்கு ஆறுதல் சொன்னான். எனக்கு அவன் முகத்தைப் பார்க்கவே கூசும்.

பிறகு பலகையை என்னிடம் விட்டுவிட்டு சவுதிக்குப் போனான். கீபோர்டு வந்து எங்களை வீட்டுக்கு அனுப்பியது. உப்புக்காற்று பெட்டிகளைத் தின்றது.

ஒரு நோன்புப் பெருநாள் லீவில் ஊருக்கு வந்தவன் என் வீட்டுக்கு வந்தான். எக்கோவுக்கு உயிரே இல்லை என்று தயங்கித் தயங்கிச் சொன்னேன்.

"அது கெடக்கட்டும். அந்தச் சத்தம் எனக்கே மறந்துபோச்சு மாப்ளே. ராத்திரியெல்லாம் நெனச்சுப் பாக்குறேன், வர மாட்டேங்குது."

எனக்கு ஞாபகம் இருந்தது. முணுமுணுத்துக்கொண்டே எத்தனை மேடையில் கேட்டவன். வாயாலாவது செய்து காட்டலாம் என்று வாயைத் திறந்தேன். வெட்கமோ பயமோ, "டீ ஆறுது, குடி மச்சான்" என்றுதான் வந்தது.

திரும்பிப் போன சிராஜை சவுதியிலேயே அடக்கம் செய்துவிட்டார்கள். அந்தப் படகின் சத்தம் தெரிந்தவன் இப்போது நான் ஒருத்தன்தான்.