இடப்பக்கம் போன ராக்கெட்

போன வாரம் ஈப்போவில் ஒரு விண்வெளிப் படம் பார்த்துவிட்டு வந்து, அதற்கு வந்த விமர்சனங்களைப் படித்தேன். பதினொன்று. அவற்றில் ஏழு, காட்சிகள் பிரமாதம், கதைதான் இல்லை என்றன. அந்த ஏழு பேரில் எத்தனை பேர் கடைசிவரை உட்கார்ந்திருந்தார்கள் என்பது என் சந்தேகம். பத்து வயதில் தொற்றிய வியாதி இது.

அப்போது சித்தியவான் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளில் இருந்தோம். அப்பா பால்மரம் வெட்டிப் பால் எடுத்தார். அம்மாவின் தம்பி, என் மாமா, அதே தோட்டத்து ஆபீசில் கிராணி, கணக்கு எழுதும் வேலை. பத்திரிகையில் பட விமர்சனமும் எழுதுவார். மாதம் ஒருமுறை திடலில் இரண்டு கம்பங்களுக்கு நடுவே வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டுவார்கள். அந்த மாதம் நிலாவுக்குப் போகும் ஆங்கிலப் படம். எனக்கு ஆங்கில எழுத்து ஒன்றுகூடத் தெரியாது. ராக்கெட் நான்கு முறை பறந்தது. நான்கு முறையும் இடப்பக்கமாக.

'வலப்பக்கம் சீறும் ராக்கெட்டின் அழகே அழகு. உள்ளே இருக்கும் மனிதர்களுக்குத்தான் உயிரில்லை' என்று மாமா எழுதியிருந்தார்.

இவர் படமே பார்க்கவில்லை என்று பத்திரிகைக்குக் கடிதம் போட்டேன். அச்சிட்டுவிட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மாமா வீட்டுக்கு வந்தார். "வெளக்கம் எழுதிக் குடுக்கலன்னா இனிமே எழுத வேணாங்கிறாங்க மச்சான்."

அப்பாவுக்குக் கொண்டாட்டம். "நாற்காலியில ஒக்காந்தா தூக்கம் வந்துருமா மச்சான்? லயத்துல எல்லாரும் பாத்தோம்லா. இந்தப் பக்கந்தான் போச்சு!"

மாமா என்னிடம் திரும்பினார். "நீ எங்கடா ஒக்காந்திருந்தே?"

"அப்பா பக்கத்துல. எப்பவும் ஒக்கார்ற எடந்தான் மாமா."

மாமா வாயைத் திறந்தார். சிரித்துக்கொண்டிருந்த அப்பாவைப் பார்த்தார். "எனக்குத்தான் கண்ணு அசந்திருக்கும் மச்சான்" என்றார்.

அதன் பிறகு அவர் விமர்சனம் வரவில்லை. ஒரு பொய்யரைப் பிடித்துவிட்டதாக நான் கணக்கு வைத்துக்கொண்டேன்.

ஆறு வருடம் கழித்து, ஈப்போவில் முதன்முதலாக ஒரு தியேட்டருக்குள் போனேன். இருக்கைகள் திரைக்கு ஒரே பக்கத்தில்தான் இருந்தன. பின்பக்கம் சுவர். தோட்டத்துத் திடலில் துணிக்கு முன்னால் கிராணிமார் குடும்பங்களுக்கு இருபத்திரண்டு நாற்காலிகள் போட்டிருப்பார்கள். லயத்துக்காரர்கள் நாங்கள் துணிக்குப் பின்னால், புல்லில். எங்களுக்கு எல்லாப் படமும் இடம்வலம் மாறித்தான் தெரிந்திருக்கிறது.

அதைச் சொல்ல மாமாவுக்கு ஒரு வரி போதும். அப்பாவின் முகத்துக்கு நேராக அதைச் சொல்ல அவருக்கு மனம் வரவில்லை. அவர் வசமாக மாட்டிக்கொண்டார் என்றுதான் நான் நினைத்திருந்தேன்.