உரோமச் சிப்பாயின் மகள்

எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் பயந்த எதுவும் நடக்கவில்லை. அன்று பின்னேரம் கிளேட்டன் பல்கலைக்கழக மண்டபத்தை விட்டு வெளியே வந்தபோது எனக்கு நன்றாகப் பசித்தது. ஒரு கிழமையாகச் சோறு தொண்டையால் இறங்காமல் இருந்தவனுக்குப் பசி எடுப்பது எவ்வளவு பெரிய காரியம் என்று பட்டவனுக்குத்தான் தெரியும்.

விஷயம் என் மகளின் கதைப் போட்டி. அவள் படிக்கும் பள்ளிக்கூடத்தில் இலத்தீன் இருக்கிறது. மற்றப் பிள்ளைகள் பிரெஞ்சு, ஜப்பானிய மொழி என்று பின்னால் ஒரு வேலைக்காவது உதவக்கூடியதை எடுக்க, இவள் பேசுவதற்கு ஆளே இல்லாத பாஷையைத் தேடி எடுத்தாள். எங்கள் தமிழ்ப் பூசைக்கு வருகிற சனம் இதைக் கேள்விப்பட்டதும், அது சாமிமாரின் பாஷையல்லவா, மகளைக் கன்னியர் மடத்துக்கா அனுப்பப் போகிறீர்கள் என்று என்னைப் பகிடி பண்ணியது. நானும் சிரித்துச் சமாளித்தேன். ஆனால் இந்த இலத்தீனுக்கும் கிரேக்கத்துக்கும் வருடா வருடம் பள்ளிக்கூடங்களுக்கிடையே போட்டிகள் நடக்கின்றன என்பது பிறகுதான் தெரியவந்தது. சிலர் அந்த மொழிகளில் வாசிக்கிறார்கள். சிலர் பழைய உரோம, கிரேக்க உலகத்தை வைத்துப் படம் கீறுகிறார்கள், உருவங்கள் செய்கிறார்கள். சிலர் கதை எழுதுகிறார்கள். மகள் கதை எழுதி அனுப்பியிருந்தாள். பரிசு கிடைத்திருக்கிறது, எத்தனையாம் பரிசு என்பதை விழாவில்தான் சொல்வோம், பரிசு பெற்றவர்கள் தங்கள் கதையை மேடையில் வாசிக்க வேண்டும் என்று அறிவித்தார்கள்.

நான் செய்த மடத்தனம் என்னவென்றால், கதை என்னவென்று தெரியாமலே ஊரெல்லாம் தம்பட்டம் அடித்ததுதான். ஞாயிறு பூசை முடிந்து தேநீர் குடிக்கிற இடத்தில் அகப்பட்ட எல்லோருக்கும் சொன்னேன். அது போதாதென்று அன்ரியையும் விழாவுக்கு வரச் சொன்னேன். நான் இந்த நாட்டில் தனியாளாக இருந்த காலத்தில் கிளேட்டனில் தன் வீட்டுப் பின்னறையை எனக்கு வாடகைக்குத் தந்தவர் அவர். இரத்தச் சொந்தம் இல்லை. ஆனால் எங்கள் வீட்டு விஷயம் எதுவும் அவர் வாயில் விழாமல் போனதில்லை.

வீட்டுக்கு வந்த பிறகுதான் கதை எதைப் பற்றியது என்று மகளிடம் கேட்டேன். போனிலிருந்து தலையை எடுக்காமல், கனகாலம் பிரிந்திருந்த ஒரு உரோமச் சிப்பாயையும் அவருடைய மகளையும் பற்றியது என்றாள். எனக்குத் திக்கென்றது. வாசிக்கத் தா என்றேன். விழாவிலே கேளுங்கள் என்று மறுத்துவிட்டாள். மனைவி அதை வாசித்திருந்தாள். அவளிடம் கேட்டால், "வாசிச்சனான். நீங்கள் போய்க் கேளுங்கோவன்," என்று சொல்லிவிட்டு வெங்காயம் உரிக்கப் போய்விட்டாள்.

ஏன் திக்கென்றது என்று சொல்ல வேண்டும். நான் ஊரைவிட்டு வெளிக்கிட்டபோது மகள் தவழ்ந்துகொண்டிருந்தாள். என் விசாக் காரியங்கள் ஒரு வழிக்கு வந்து அவளையும் தாயையும் இங்கே கூப்பிட்டு எடுத்தபோது அவள் நாலாம் வகுப்புப் பிள்ளை. இடையில் இருந்ததெல்லாம் போன் திரைதான். விமான நிலையத்தில் நான் குனிந்து தூக்கப் போக, அவள் கையை நீட்டி எனக்குக் கைலாகு தந்தாள். நானும் வேறு வழியில்லாமல் கையைப் பிடித்துக் குலுக்கினேன்.

வீட்டிலும் அப்படியே. பிரிட்ஜைத் திறக்க அனுமதி கேட்பாள். வைத்ததை மிச்சம் விடாமல் சாப்பிடுவாள். என்னை எந்த முறை சொல்லியும் கூப்பிடமாட்டாள், பக்கத்தில் வந்து நின்று நான் திரும்பும்வரை காத்திருப்பாள். நான் வேலை செய்வது சமையலறை அலுமாரிகள் செய்யும் தொழிற்சாலையில். அவர்கள் வருவதற்கு முன் மிஞ்சிய நல்ல பலகைகளைக் கேட்டு வாங்கி, அவளுடைய உடுப்புகளுக்கென்று என் கையாலே, இழுக்கிற லாச்சிகள் வைத்த ஒரு அலுமாரி செய்து வைத்திருந்தேன். லாச்சிகள் விரலால் தொட்டாலே வழுக்கிக்கொண்டு வரும். அவளோ கொண்டுவந்த சூட்கேஸை விட்டு எதையும் வெளியே எடுக்கவில்லை. உடுப்பைத் தோய்த்துக் காயப்போட்டு, மடித்துத் திரும்பவும் சூட்கேஸுக்குள் வைத்துச் சிப்பை இழுத்து மூடிவிடுவாள். மாதக்கணக்காக இதுதான் நடந்தது. அவள் பள்ளிக்கூடம் போன நேரங்களில் நான் அந்த அறைக்குப் போய் வெறும் லாச்சிகளை இழுத்துப் பார்த்திருக்கிறேன். இந்தப் பிள்ளைக்கு என்னைப் பிடிக்கவில்லை, ஊருக்குத் திரும்பிப் போகத்தான் காத்திருக்கிறாள் என்று முடிவு கட்டினேன். ஒருவருக்கும் சொல்லவில்லை. சொல்ல வெட்கமாக இருந்தது.

பிறகு எப்போதோ லாச்சிகள் நிறைந்தன. இப்போது அவள் பதினாறு வயதுப் பிள்ளைகள் எல்லோரையும் போலத்தான், உடுப்பு நிலத்திலே கிடக்கும். அப்பா என்று வாய் நிறையக் கூப்பிடுகிறாள். ஆனாலும் அந்த முதல் வருடம் என் நெஞ்சிலே மீன் முள்ளாக நின்றது. அவள் கெட்டிக்காரி, பழகிக்கொண்டாள், உள்ளே என்ன இருக்கிறதோ யாருக்குத் தெரியும் என்று நினைப்பேன். இப்போது அந்த உள்ளே இருப்பதை ஒலிவாங்கி வைத்து வாசிக்கப் போகிறாள். அதைக் கேட்க அன்ரியை நானே வெற்றிலை வைத்து அழைத்திருக்கிறேன்.

விழா நாள் வந்தது. மண்டபத்துக்கு வெளியே மேசைகளில் பிள்ளைகள் செய்தவற்றைப் பரப்பி வைத்திருந்தார்கள். சோடாப் போத்தல் மூடிகளை ஒட்டிச் செய்த ஒரு மீன் படம் இருந்தது. உரோமர் போட்ட தெருவின் குறுக்குவெட்டு என்று ஒரு பிள்ளை மீன்தொட்டிக்குள் கல்லும் மணலும் அடுக்கி வைத்திருந்தது. மரத்தால் செய்த ஒரு சின்னக் கோயிலின் மூலைப் பொருத்துகள் நெளிந்திருந்தன. வேறு நாளாக இருந்தால் நின்று பார்த்து நாலு குறை சொல்லியிருப்பேன். அன்ரி நல்ல சேலை உடுத்து, வாசனை பூசி, எனக்குப் பக்கத்துக் கதிரையில் வந்து அமர்ந்தார். மற்றப் பக்கத்தில் மனைவி.

இலத்தீன் வாசித்தார்கள், கிரேக்கம் வாசித்தார்கள். ஒரு சொல்லும் விளங்கவில்லை. அது பெரிய ஆறுதலாக இருந்தது. மகளும் தன் கதையை இலத்தீனிலேயே எழுதியிருக்கக்கூடாதா என்று நினைத்தேன். கதைப் பிரிவு வந்தது. இரண்டாம் பரிசு என்று சொல்லி அவளை மேடைக்குக் கூப்பிட்டார்கள். அவள் ஆங்கிலத்தில் வாசித்ததை என்னுடைய தமிழில் சொல்கிறேன்.

உரோம சாம்ராஜ்யத்தின் வடக்கு எல்லையில், எந்நேரமும் மழை பெய்கிற ஒரு கோட்டை. அங்கே வேலை பார்க்கும் ஒரு சிப்பாயிடம் அவருடைய மனைவியும் மகளும் கப்பலேறி வந்து சேருகிறார்கள். சிப்பாய் அவசரமாக முகம் வழித்துத் தாடையில் வெட்டுக்காயத்தோடு துறைமுகத்தில் நிற்கிறார். மண்டபம் சிரித்தது. விமான நிலையத்தில் என் தாடையிலும் பிளாஸ்டர் இருந்தது. அந்த ஆள் நான்தான் என்பதில் இனிச் சந்தேகம் இல்லை. கதிரைக் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

சிப்பாய் மகளுக்கென்று ஒரு மரப்பெட்டி செய்து வைத்திருக்கிறார். மகள் தன் உடுப்புப் பொட்டணியை அவிழ்க்கவில்லை. ஏனென்றால், வந்த முதல் வாரமே குளிர்காய்கிற இடத்தில் பெரியவர்கள் பேசுவதைக் கேட்டுவிட்டாள். படைக்குப் புதிதாக வருகிறவர்களை முதலில் பரீட்சார்த்தமாகத்தான் வைத்திருப்பார்களாம். சரிவராதவர்களை அடுத்த கப்பலில் திருப்பி அனுப்பிவிடுவார்களாம். ஒரு கிழவி அவளைப் பார்த்தே சொன்னாள்: உனக்கும் அப்படித்தான், அவருக்குப் பிடிக்காவிட்டால் ஒரு சொல் சொன்னால் போதும், உன்னைக் கப்பலில் ஏற்றிவிடுவார்கள். அதனால்தான் அந்தப் பெண் பொட்டணியைக் கட்டியபடியே வைத்திருந்தாள். போகச் சொன்னால் எல்லோருக்கும் முன்னால் அழுதுகொண்டு உடுப்பு அடுக்காமல், உடனே தூக்கிக்கொண்டு போகலாம். கொடுத்த கஞ்சியை மிச்சம் விடாமல் குடித்தாள். சத்தியப்பிரமாணம் எடுக்காத படைவீரன் தளபதியோடு உரிமை கொண்டாடக்கூடாது என்று, அவள் அவரை அப்பா என்று கூப்பிடவும் இல்லை.

அவளுக்கு என்னைப் பிடிக்கவில்லை என்று நான் பயந்துகொண்டிருந்த அதே வீட்டில், அதே மாதங்களில், எனக்குத் தன்னைப் பிடிக்காமல் போய்விடும் என்று அவள் பயந்திருக்கிறாள். பக்கத்தில் இருந்த அன்ரி என் காதருகே குனிந்தார். "தம்பி, நான் பகிடிக்கெல்லோ சொன்னனான். ஸ்பொன்சர் பண்ணின அப்பாவுக்குப் பிடிக்காட்டி இமிக்ரேஷன் திருப்பி அனுப்பிப்போடும் எண்டு சும்மா பகிடிக்கு," என்றார். முதலில் தற்காலிக விசா, பிறகுதான் நிரந்தரம் என்று அந்த நாட்களில் நாங்கள் பெரியவர்கள் அவர் வீட்டுக் குசினி அடுப்பைச் சுற்றியிருந்து ஓயாமல் பேசியது ஞாபகம் வந்தது. பிள்ளை மூலையில் இருந்து படம் கீறுகிறது என்று நினைத்திருந்தோம்.

கதை முடியவில்லை. ஒரு நாள் அந்தப் பெண் சிப்பாய் வைத்திருந்த ஒரே நல்ல எண்ணெய் விளக்கைக் கைதவறி உடைத்துவிட்டாள். நிலமெல்லாம் துண்டு. அவர் ஓடிவந்து முதலில் அவள் கால்களைப் பார்த்தார். தூக்கிக் கட்டிலில் இருத்தினார். பிறகு துண்டுகளைப் பெருக்கிக்கொண்டே அவளை ஏசத் தொடங்கினார். செருப்பில்லாமல் ஏன் நடந்தாய், எத்தனை தரம் சொல்வது, காலில் ஏறியிருந்தால் என்ன செய்திருப்பாய் என்று நிறுத்தாமல் ஏசினார். அதுவரை அவர் அவளோடு குரல் உயர்த்தியதே இல்லை. அவள் கட்டிலில் இருந்தபடி ஒவ்வொரு சொல்லாகக் கேட்டாள். வீட்டுக்கு வந்த விருந்தாளியை ஒருவரும் இப்படி ஏசமாட்டார்கள் என்று அவளுக்குப் பட்டது. அடுத்த நாள் துறைமுகத்திலிருந்து கப்பல் புறப்பட்டது. அவள் பொட்டணியை அவிழ்த்தாள்.

கை தட்டினார்கள். நானும் தட்டியிருக்க வேண்டும், ஞாபகம் இல்லை. மனைவி தன் சேலைத் தலைப்பை என் பக்கம் தள்ளினாள். நான் அதை வாங்கி முகத்தைத் துடைத்தேன். இத்தனை வருடம் ஏறியிருந்த பாரம் ஒன்று தோளைவிட்டு இறங்கியது. கூடவே கோபமும் வந்தது. யாரில் கோபம் என்று தெரியவில்லை. ஒன்பது வயதுப் பிள்ளை போகிறதுக்கு ஆயத்தமாகப் பெட்டியைக் கட்டி வைத்துக்கொண்டு ஒவ்வொரு இரவும் படுத்திருக்கிறது. அடுத்த அறையில் நான் எனக்கு மட்டும்தான் துக்கம் என்று படுத்திருந்திருக்கிறேன்.

வெளியே தேநீர் தந்தார்கள். அன்ரி மகளைக் கட்டிப் பிடித்து, பிள்ளை நல்லாய் எழுதியிருக்கு என்று சொல்லி, தன் தட்டிலிருந்த கேக்கை எடுத்து அவளுக்கு ஊட்டினார். மகளும் வாயைத் திறந்து வாங்கிக்கொண்டாள். கிழவியைப் பற்றி இருவரும் ஒன்றும் பேசவில்லை.

அன்ரியை அவர் வீட்டில் இறக்கிவிட்டு, எங்கள் வீடிருக்கும் கிரான்பர்னுக்குக் காரைத் திருப்பினேன். ஒரு கேள்வி என்னை அரித்துக்கொண்டிருந்தது. எங்கள் வீட்டில் எண்ணெய் விளக்கு இருந்ததில்லை. அவள் எதை உடைத்தாள், நான் எப்போது ஏசினேன், எவ்வளவு யோசித்தும் பிடிபடவில்லை. கடைசியில் கேட்டுவிட்டேன்.

"மைக்ரோவேவுக்குள்ள சுத்துற கண்ணாடித் தட்டு," என்றாள் மகள் பின் சீட்டிலிருந்து. "சீரியஸா ஞாபகம் இல்லையா?"

இல்லை என்றேன். மனைவிக்கும் அரைகுறை ஞாபகம்தான். அவள் சூட்கேஸைத் திறந்து வைத்த நாள், நான் மாதக்கணக்காக ஏங்கிக் காத்திருந்த நாள், எனக்கு வேலைக்குப் போய் வந்த இன்னொரு நாளாகக் கழிந்துபோயிருக்கிறது. மகளுக்குச் சிரிப்பு வந்தது. குரலைத் தடிப்பாக்கி, "செருப்பில்லாமல் குசினிக்குள்ள என்ன வேலை, அறிவில்லையோ உனக்கு," என்று என்னைப் போலவே சொல்லிக் காட்டினாள். மனைவியும் சேர்ந்து சிரித்தாள்.

"நீங்க அப்பிடி ஏசினாப் பிறகுதான் அப்பா, ஓகே, இவர் என்னை அனுப்பமாட்டார் எண்டு நினைச்சனான்," என்றாள்.

சிக்னல் பச்சைக்கு மாறியதை நான் பார்க்கவில்லை. பின்னால் நின்ற கார் ஹோர்ன் அடித்தது. ரோட்டைப் பார்த்துக் கார் ஓடத் தெரியாதா, எத்தனை தரம் சொல்வது என்று மகள் என்னை ஏசத் தொடங்கினாள். வீடு வந்து சேரும்வரை ஏசிக்கொண்டே வந்தாள்.