வாலில் உட்கார்ந்த ஜெட்

சேலையூரில் எங்களுக்கு மேல்வீட்டில் இருந்தவர் பிளாஸ்டிக் தகட்டை அடுப்பில் இளக்கி, மர அச்சின்மேல் போர்த்தி, வேக்குவம் கிளீனரால் காற்றை உறிஞ்சி ஜெட் விமான மாதிரிகள் செய்வார். ஒல்லியான மனிதர். விரல் நுனியில் காய்ந்த பசையைப் பேசும்போதே உரித்துக்கொண்டிருப்பார்.

அன்று நான் போனபோது முழங்கை நீள விமானம் ஒன்று மேஜையில் நின்றது. விமானியின் சீட் பெல்ட்டைக்கூட விடவில்லை. ஆனால் அதன் மூக்கிலிருந்து அவர் விரலை எடுக்கவேயில்லை.

"விரல எடுத்தா முன்சக்கரம் தூக்கி வால்ல உக்காந்துடுது சார். ரெண்டு பாதியையும் ஒட்டறதுக்கு முன்னாடி மூக்குக்குள்ள எடைக்கு ஈயக் குண்டு வெக்கணும். மறந்துட்டேன்."

"பிரிச்சு வெச்சிடலாமே?"

"உடைஞ்சிடும் சார். ஒரு வருஷமா பண்ணது."

"அப்ப வாலுக்குக் கீழ ஏதாவது முட்டுக் குடுங்க."

"முட்டுக் குடுத்தா அது பிளேனா சார், பந்தலா?" கோபம் வந்துவிட்டது அவருக்கு.

அழைப்பு மணி அடித்தது. அவர் தவிப்போடு என்னைப் பார்த்தார். நான் என் விரலை வைத்தேன். போய் கேஸ் சிலிண்டரை வாங்கி வைத்துவிட்டு வந்தவர், எதிரே உட்கார்ந்து விமானத்தையே பார்த்தார்.

"இப்படித்தான் சார் நிக்கணும்."

விரலை எடுக்கச் சொல்வார் என்று காத்திருந்தேன். அவர் சொல்லவில்லை. எனக்கும் எடுக்க மனம் வரவில்லை.